இனிக்காத மரவள்ளியும் ஏறும் சீனியும்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது, வயல் வேலை. சலரோகம் என்று கண்டு 6 வருடம். காலையும் பின்னேரமும் மெற்போமின் 500 ஒவ்வொன்று, காலையில் கிளிக்கிளசைட் 80 ஒன்று போடுகிறார். கரட்டும் பீற்றூட்டும் இனிப்புக் கிழங்கு, சீனியை ஏற்றும் என்று மச்சாள் சொன்னதால் இரண்டு மாதமாக வீட்டில் அவற்றைத் தொடுவதில்லை. இரவுச் சோற்றையும் நிறுத்திவிட்டு, வளவில் நிற்கும் மரவள்ளியைக் கிண்டி அவித்துக் கொடுக்கிறேன். அரைக் கிலோவை உரித்து அவித்தால் அவரே முடித்துவிடுவார். தொட்டுக்கொள்ளப் பச்சைமிளகாய்ச் சம்பல், பிறகு பனங்கட்டி கடித்துக்கொண்டு ஒரு பிளேன்ரீ. முன்பு வெறும் வயிற்றில் 128 இருந்தது, இப்போது 150. மரவள்ளி சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் குத்திப் பார்த்தால் 271. மரவள்ளியில் இனிப்பே இல்லையே, எப்படி ஏறுகிறது? வத்தாளங்கிழங்கு, இராசவள்ளி, ஒடியற்கூழ் கொடுக்கலாமா? இரத்தம் குறைவு என்றும் சொல்கிறார்கள். பீற்றூட் சாறு குடித்தால் இரத்தம் ஊறுமா?
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்:

அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்டதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அரைக் கிலோ.

அரைக் கிலோ மரவள்ளியில் தோலும் நடுத் தும்பும் போனால் ஏறத்தாழ 400 கிராம் மிஞ்சும். அவித்த மரவள்ளி 100 கிராமில் 35 கிராம் அளவு மாப்பொருள் உண்டு. ஆக, அவர் ஒரு நேரத்தில் சாப்பிடுவது 140 கிராம் மாப்பொருள். ஒரு தேநீர்க் கப் சோறு, அதாவது 130 கிராம் சோறு, 36 கிராம் மாப்பொருள்தான் தரும். நீங்கள் சோற்றை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு நாலு கப் சோற்றுக்குச் சமமானதைக் கொடுத்து வருகிறீர்கள். 271 என்று மெசின் காட்டியது பிழையாக இருக்க வாய்ப்பில்லை.

இனி, இனிப்பு விசயம். மரவள்ளியில் சீனி 100 கிராமுக்கு 2 கிராம்கூட இல்லை, அதனால்தான் நாக்கில் இனிக்காது. ஆனால் மாப்பொருள் என்பதே குளுக்கோசு மணிகளைக் கோத்த சங்கிலி. அவித்த கிழங்கில் ஒரு சிறு துண்டை விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்று பாருங்கள், மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள நொதியம் சங்கிலியை வெட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குடலில் அந்த வேலை முழுதாக முடிந்து, மாப்பொருள் முழுவதும் குளுக்கோசாக இரத்தத்தில் சேரும். கரட்டிலும் பீற்றூட்டிலும் உள்ள இனிப்பில் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது நாம் தேநீருக்குப் போடும் சீனியேதான். அதில் பாதிதான் குளுக்கோசு. மற்றப் பாதி பிரக்டோசு என்னும் இன்னொரு இனிப்பு, அது ஈரலுக்குப் போய்விடும், இரத்தச் சீனியை நேரடியாக அதிகம் உயர்த்தாது. கிராமுக்குக் கிராம் வைத்துப் பார்த்தால், இனிக்காத மாப்பொருள்தான் அளவுக் கருவியில் கூட ஏற்றிக் காட்டும். இதைச் சாட்டாக வைத்து யாரும் தேநீருக்குச் சீனி போட்டுக்கொள்ள வேண்டாம். பிரக்டோசு கூடினால் ஈரலில் கொழுப்புப் படியும், அது வேறு வில்லங்கம்.

கரட்டுக்குக் கெட்ட பெயர் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். 1981 இல் ரொறன்ரோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் உணவுகள் இரத்தச் சீனியை ஏற்றும் வேகத்தை அளந்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் குளுக்கோசுக்கு 100, கரட்டுக்கு 92 என்று இருந்தது. பின்னர் செய்த அளவீடுகளில் கரட் அதில் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் பழைய இலக்கம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் சோதனையின் முறையில் இன்னொரு விசயமும் இருக்கிறது. 50 கிராம் சமிபாடடையக்கூடிய மாச்சத்து, அதாவது மாப்பொருளும் இனிப்பும் சேர்ந்து, வரும் அளவுக்கு உணவைக் கொடுத்துத்தான் அளப்பார்கள். கரட்டில் அது 100 கிராமுக்கு 7 கிராம் அளவுதான் என்பதால், 700 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும், நடுத்தரக் கரட் பத்து. உங்கள் வீட்டில் ஆளுக்கு வரும் கரட் பால்கறி முக்கால் கரட்டோ ஒரு கரட்டோதான். 75 கிராம் கரட்டில் சீனி 3½ கிராம், அதே அளவு பீற்றூட்டில் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அதுவும் நார்ப்பொருளோடு வருகிறது. மச்சாள் சொன்னதைக் கேட்டு நீங்கள் ஒரு தேக்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு, 140 கிராமை உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

ஆகவே எந்தக் கிழங்கு நல்லது, எது கெட்டது என்று பிரிக்காதீர்கள். சமைக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இது சோற்றின் கணக்கா, கறியின் கணக்கா? மரவள்ளி, வத்தாளை, இராசவள்ளி, சிறுவள்ளி, சேம்பு, உருளைக்கிழங்கு, ஒடியல் எல்லாம் சோற்றின் கணக்கு. கரட், பீற்றூட், முள்ளங்கி, வெங்காயம் கறியின் கணக்கு. நம் வீடுகளில் பெரும் பிழை உருளைக்கிழங்கில் நடக்கிறது. பிட்டுக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல், சோற்றுக்கு உருளைக்கிழங்குப் பால்கறி என்றால் கறி என்ற பெயரில் இன்னொரு பங்கு சோறு வந்து குந்துகிறது. அந்தப் பிரட்டலைச் செய்கிற நாளில் பிட்டைப் பாதியாக்க வேண்டும்.

மரவள்ளியை அடியோடு விடச் சொல்லமாட்டேன். வளவில் காசில்லாமல் கிடைப்பது, வயலில் நின்று வருகிறவருக்குப் பசியும் இருக்கும். அளவுதான் முக்கியம். இரவுக்கு தீப்பெட்டி அளவில் 4 துண்டு, ஏறத்தாழ 110 முதல் 120 கிராம். அதில் 40 கிராம் மாப்பொருள் வரும். ஒரு தடவையாவது கடைத் தராசில் 120 கிராம் நிறுத்து, அது கோப்பையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தராசு தேவையில்லை. முதலில் பார்க்கும்போது உங்களுக்கே அந்தரமாக இருக்கும், அவ்வளவு கொஞ்சம். மிச்ச இடத்தை நிரப்பாமல் விட்டால் அவர் ஒன்பது மணிக்கு பிஸ்கற் பெட்டியைத் திறப்பார். கோப்பையில் பாதிக்கு முருங்கையிலை வறை, பயற்றங்காய், வெண்டிக்காய், கரட் சம்பல், கத்தரிக்காய் என்று எது கிடைக்கிறதோ அது. இன்னொரு காற்பங்குக்கு மீன், முட்டை, கௌபி, இல்லையென்றால் நெத்தலி. வெறும் பச்சைமிளகாய்ச் சம்பலோடு மரவள்ளி சாப்பிடுவதில் குறை இதுதான்: கிழங்கின் ஓட்டத்தை மறிக்க வயிற்றில் எதுவும் இல்லை. புரதமும் நாரும் கொஞ்சம் கொழுப்பும் கூட இருந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். சாப்பிடும் ஒழுங்கும் உதவும். முதலில் கீரையும் மீனும், கடைசியில் கிழங்கு. செலவில்லாத வேலை, செய்து பாருங்கள்.

அவிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மரவள்ளியைத் தோலோடு உள்ளிருக்கும் தடித்த பட்டையையும் சேர்த்து உரித்து, வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கிழங்கில் இருக்கும் சயனைட்டுச் சேர்மத்துக்காக இது, சலரோகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது. கசக்கிற கிழங்கை எறிந்துவிடுங்கள். குழைய அவித்து மசித்தால் சமிபாடு வேகமாகும், சீனியும் வேகமாக ஏறும். துண்டாக, கடிபடும் பதத்தில் இறக்குவது நல்லது. அவித்துக் குளிரவிட்டால் மாப்பொருளில் ஒரு சிறு பகுதி சமிபாடடையாத வடிவத்துக்கு மாறும் என்பது உண்மை. ஆனால் அது கொஞ்சம்தான். அதை நம்பி இரட்டிப்பாகச் சாப்பிட்டால் நட்டம். வன்னி வெக்கையில் அவித்த கிழங்கைக் காலையிலிருந்து பின்னேரம்வரை அடுப்படியில் வைத்தால் பழுதாகிவிடும், குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மட்டும் அந்த யோசனை.

பனங்கட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். பனங்கட்டியும் பெரும்பகுதி சுக்குரோசுதான். கடித்துக் கடித்துக் குடிக்கும்போது 10 கிராம் போவது தெரியாது, அது இரண்டு தேக்கரண்டி சீனிக்கு நெருங்கிய கணக்கு. பனையில் இருந்து வந்ததால் சலரோகத்துக்குப் பாதகமில்லை என்று சொல்வது வெறும் கதை. பிளேன்ரீயை வெறுமனே குடிக்கட்டும். அதையும் சாப்பிட்ட கையோடு வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வத்தாளங்கிழங்கு கொடுக்கலாம். மாச்சத்து 100 கிராமில் 20 கிராம் அளவுதான், மரவள்ளியைவிட நன்றாகக் குறைவு, நாரும் கூட. இரவுக்கு 180 கிராம்வரை வைக்கலாம், நடுத்தரக் கிழங்கு ஒன்றும் கொஞ்சமும். ஆனால் அடுப்புச் சாம்பலில் சுட வேண்டாம். இந்தக் கிழங்குக்குள் மாப்பொருளை மோல்ற்றோசு என்னும் இனிப்பாக மாற்றும் நொதியம் இருக்கிறது. 60 இலிருந்து 75 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் அது நன்றாக வேலை செய்யும். சாம்பலில் கிழங்கின் உட்புறம் அந்தச் சூட்டில் நீண்ட நேரம் நிற்கும். அதனால்தான் சுட்ட வத்தாளை தேன்போல இனிக்கிறது. தண்ணீரும் வற்றிவிடுவதால் ஒரு கடியில் வரும் மாச்சத்தும் கூடும். துண்டாக வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அந்தச் சூட்டு எல்லையைக் கிழங்கு விரைவாகக் கடந்துவிடும், நொதியம் செத்துவிடும். தண்ணீரைக் கொதிக்கவிட்ட பிறகு போட வேண்டும், பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்ல ஏற்றினால் பாதி பலன் போய்விடும். ஆனாலும் இது வேகத்தைத்தான் குறைக்கும். மொத்த மாச்சத்து கோப்பையில் வைத்த அளவுதான்.

இராசவள்ளியில் 100 கிராமுக்கு 28 கிராம் வரும், சோற்றைப் போலவே வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதைத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் களியாகக் கிண்டுவதுதான் வழக்கம், அந்தக் களி இவருக்கு வேண்டாம். தோலோடு அவித்து உரித்து, மீன் குழம்போடு 140 கிராம் சாப்பிடலாம். ஊதா நிறம் சலரோகத்தை மாற்றும் என்று சொல்லி மாவாக விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

ஒடியற்கூழ் சந்தோசமாகக் காய்ச்சுங்கள், ஆனால் பானைக்குள் என்ன போகிறது என்று எண்ணுங்கள். ஒடியல்மா, மரவள்ளித் துண்டு, பலாக்கொட்டை, சிலர் ஒரு பிடி அரிசியும் போடுவார்கள். நாலும் மாப்பொருள். இவருக்கான கூழில் மாவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விடுங்கள். ஆளுக்கு 3 மேசைக்கரண்டி மா போதும். மீன், இறால், நண்டு, பயற்றங்காய், கீரை எவ்வளவு போட்டாலும் பிழையில்லை. மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பு நீரை வடிப்பதை மறக்க வேண்டாம். இன்னொரு கிண்ணம் கேட்டால் மீனையும் கீரையையும் அள்ளிக் கொடுத்து, குழம்பைக் குறைத்துவிடுங்கள். அவித்த பனங்கிழங்கு தும்பும் நாரும் நிறைந்தது, மென்று முடிக்க நேரம் எடுக்கும். ஒன்று சாப்பிடலாம், ஆனால் சோற்றின் மேல் வேண்டாம், சோற்றில் குறைத்துக்கொண்டு. புழுக்கொடியலில் ஏமாந்துவிடக்கூடாது. தண்ணீர் எல்லாம் காய்ந்துபோனதால் கைப்பிடிக்குள் இரண்டு மூன்று கிழங்கின் மாப்பொருள் அடங்கிவிடும், அதுவும் கதைத்துக்கொண்டு கொறிப்பது. தேங்காய்ச் சொட்டோடு இரண்டு துண்டு, அவ்வளவுதான்.

பீற்றூட் சாறு வேண்டாம். ஒரு கிளாசுக்குக் குறைந்தது 250 கிராம் பீற்றூட் அரைபடும். அதில் 17 கிராம் சீனி, நார் சக்கையோடு வெளியே போய்விடும், மெல்லுகிற வேலையும் இல்லாமல் ஒரே மூச்சில் உள்ளே இறங்கும். அதே பீற்றூட்டைக் கறியாக்கினால் பயமில்லை. இரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்துச் சொன்ன கதை. 100 கிராம் பீற்றூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மறுநாள் சிறுநீர் சிவந்தால் அது பீற்றூட்டின் சாயம், பயப்பட வேண்டாம்.

உண்மையில் இரத்தக் குறைவுதான் எனக்கு இந்தக் கடிதத்தில் அதிகம் உறுத்துகிறது. மெற்போமினை வருடக்கணக்காக எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், அதனால் இரத்தக் குறைவும் காலில் விறைப்பும் வரலாம். சிறுநீரகம் பழுதடைந்தாலும் இரத்தம் குறையும். கிளினிக்கில் கேட்டு முழு இரத்தப் பரிசோதனையும், முடிந்தால் பி12 உம் செய்வியுங்கள். இரும்புதான் குறைவு என்று வந்தால், நெத்தலி, ஈரல், கௌபி, கீரையோடு ஒரு தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். தேநீரை முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள், தேயிலைச் சாயம் இரும்பைக் குடலில் பிடித்து வைத்துவிடும். அதற்காகத்தான் பிளேன்ரீயைச் சாப்பாட்டோடு வேண்டாம் என்றேன். இரத்தக் குறைவு இருந்தால், மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்.பி.ஏ.வன்.சி பரிசோதனையும் சரியாகக் காட்டாமல் விடலாம், வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

அளவைக் குறைக்கும்போது ஒரு எச்சரிக்கை. கிளிக்கிளசைட் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் குளிசை. 400 கிராமிலிருந்து ஒரே நாளில் 120 க்கு இறங்கி, அதே கிழமை அரிவுவெட்டும் வந்து மத்தியானச் சாப்பாடு பிந்தினால் சீனி விழலாம். முதல் கிழமை 250 கிராம், அடுத்த கிழமை 120 என்று இறங்குங்கள். வியர்வை, கை நடுக்கம், தலைச்சுற்று, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70 க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். இன்னும் கீழே என்றால் திரும்பவும் அதே அளவு. அந்த நேரத்தில் மரவள்ளியோ கரட்டோ கொடுத்தால் பிந்திவிடும். சீனி ஏறிய பிறகு ஒரு சாப்பாடு. வயலுக்குப் போகும்போது சேட்டுப் பையில் ஒரு சரை சீனி இருக்கட்டும். நினைவு தப்பினால் வாய்க்குள் எதையும் ஊற்றக்கூடாது, 1990 அம்புலன்சை அழையுங்கள். கிளிக்கிளசைட்டால் விழுந்த சீனி சில மணித்தியாலங்களுக்குள் திரும்பவும் விழலாம், தெளிந்துவிட்டார் என்று பேசாமல் இராமல் ஆசுபத்திரிக்குக் காட்டுங்கள்.

மெசினில் ஒரு நாளைக்கு நாலு தரம் குத்திக் காசை முடிக்க வேண்டாம். ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு தடவை, முதல் வாய் வைக்க முன் ஒன்று, அந்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று. அளவு 120 க்கு இறங்கிய பிறகு, முதல் நாள் 120 கிராம் மரவள்ளி மீனோடு, இரண்டு நாள் விட்டு ஒரு கப் சோறு அதே மீன் கறியோடு கரட்டும் சேர்த்து, இன்னும் இரண்டு நாள் விட்டு வத்தாளை. மெசினில் செருகும் ஆறு பட்டியில் அவருடைய உடம்பு எதற்கு எப்படி ஏறுகிறது என்று தெரிந்துவிடும். பொதுவாக இரண்டாவது இலக்கம் 180 க்குள் நின்றால் நல்லது. இரண்டுக்குமிடையில் 60 க்கு மேல் ஏறினால் அந்தக் கிழங்கில் ஒரு துண்டு குறையுங்கள். குத்த முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் உரித்த விரலில், பனங்கட்டி பிடித்த விரலில் குத்தினால் இல்லாத சீனியும் காட்டும். பட்டிகளை 30 பாகைக்குக் கீழே, மூடி இறுக்கிய அதே போத்தலில் வையுங்கள். அடுப்படித் தட்டும் மோட்டார்சைக்கிள் பெட்டியும் கூடாது.

கடைசியாக, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதால் சொல்கிறேன். இவருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் என்ற இரத்தப் பரிசோதனை பார்த்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். மெற்போமின் அளவை முடிவுசெய்யவும் அது வேண்டும். இரத்தத்தில் பொற்றாசியம் கூடிவிட்டது என்று வைத்தியர் சொன்னால் மட்டும் கிழங்கின் கதை மாறும். உருளைக்கிழங்கு, இராசவள்ளி, வத்தாளை எல்லாம் பொற்றாசியம் நிறைந்தவை. அப்போது சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கறியில் அந்தத் தண்ணீரைச் சேர்க்கக்கூடாது. குத்திய ஆறு இலக்கங்களையும், திகதியும் சாப்பிட்ட கிராமும் போட்டு ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.